பிளேடால் எடுத்த சொல்

என் அம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தார். அளவு தப்பிப்போன துணியைப் பிரிக்கிற வேலை சின்ன வயதில் என்னுடையது. அப்பா சவரம் செய்துவிட்டுப் போட்ட பிளேடை இரண்டாக ஒடித்து, ஒரு பக்கத்தில் காகிதம் சுற்றி அம்மா என் கையில் கொடுப்பார். துணியின் இரண்டு மடிப்பையும் விலக்கிப் பிடித்தால் நடுவில் நூல் பல் பல்லாகத் தெரியும். அந்த நூலை மட்டும்தான் பிளேடு தொட வேண்டும். கை கொஞ்சம் அழுந்தினால் துணி போச்சு.

ஜான் ஐசக்ஸ் என்ற கூடைப்பந்து வீரர் 1939-இல் செய்த ஒரு காரியத்தைப் படித்தபோது அந்தப் பாதி பிளேடுதான் முதலில் நினைவுக்கு வந்தது. நியூயார்க் ரெனசான்ஸ் என்பது அவருடைய அணி. சுருக்கமாக ரென்ஸ். சிகாகோவில் நடந்த உலகத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியில் அந்த அணி அப்போதுதான் வென்றிருந்தது. உரிமையாளர் ராபர்ட் டக்ளஸ் வீரர்களுக்கு ஆளுக்கொரு ஜெர்கின் கொடுத்தார். அதில் அணியின் பெயரோடு ‘கலர்டு வேர்ல்டு சாம்பியன்ஸ்’ என்று இருந்தது. கலர்டு என்பது கறுப்பின மக்களைக் குறிக்க அன்று அமெரிக்காவில் புழங்கிய சொல். ஐசக்ஸுக்கு அப்போது 23 வயது. ஒரு சவர பிளேடை எடுத்து அந்த முதல் சொல்லை மட்டும் கவனமாக எடுத்துவிட்டார். ஜெர்கினைப் பாழாக்கிவிட்டாயே என்று டக்ளஸ் கேட்டாராம். பாழாக்கவில்லை, நன்றாக்கியிருக்கிறேன் என்கிற மாதிரி ஐசக்ஸ் பதில் சொன்னாராம்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லுக்கு முன்னால் நடந்த சீசன்தான் முக்கியம். 1938-39 சீசனில் ரென்ஸ் 112 ஆட்டங்களில் வென்று 7-இல் தோற்றது. மொத்தம் 119 ஆட்டம். அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கான என்பிஏவில் இன்றைய அணி ஒன்று தனி விமானத்தில் பறந்து, நல்ல ஓட்டலில் தூங்கி, மருத்துவர்களோடு பயணம் செய்து ஆடுவது 82 ஆட்டம். ரென்ஸ் ஆடிய 119-இல் பெரும்பாலானவை பஸ்ஸில் போய் ஆடியவை.

அணி பிறந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டக்ளஸ் கரீபியனில் இருக்கும் செயின்ட் கிட்ஸ் தீவைச் சேர்ந்தவர், பிறந்தது 1882-இல். நியூயார்க்குக்குக் குடிவந்து கூடைப்பந்தின் மேல் பைத்தியமாகி, அமெச்சூர் அணி ஒன்றை நடத்தினார். தொழில்முறை அணி நடத்த வேண்டுமென்றால் ஆடுவதற்கு நிரந்தர இடம் வேண்டும். நியூயார்க்கில் கறுப்பின மக்கள் நிறைந்த ஹார்லெம் பகுதியில், ஏழாவது அவென்யூவில், 138ஆவது தெரு முனையில், ரெனசான்ஸ் கேசினோ என்ற புது நடன மண்டபம் அப்போது எழும்பியிருந்தது. அதைக் கட்டிய வில்லியம் ரோச்சும் கரீபியன்காரர், மான்செராட் தீவு. இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அணிக்கு மண்டபத்தின் பெயரை வைத்தால் மண்டபத்துக்கு விளம்பரம், அணிக்கு ஆட இடம். 1923 நவம்பரில் முதல் ஆட்டம். கறுப்பினத்தவரே உரிமையாளராக இருந்து, கறுப்பின வீரர்களை மட்டுமே வைத்து நடத்திய முதல் முழுநேரத் தொழில்முறைக் கூடைப்பந்து அணி அது.

ஆட்டம் நடந்த தளமே நடனத் தளம். ஆட்டம் முடிந்ததும் கூடைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு பேண்டு வாசிக்க ஆரம்பிக்கும், ஜனங்கள் ஆடுவார்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டும். நடனத்துக்காக வழவழவென்று மெருகேற்றிய மரத்தளத்தில் ஓடி நிற்பதை நினைத்தாலே எனக்குக் கணுக்கால் வலிக்கிறது. கல்லூரி அணியில் ஆடிய காலத்தில் மழை பெய்து காயாத சிமெண்ட் கோர்ட்டில் ஒருமுறை வழுக்கி விழுந்து மூன்று வாரம் நொண்டியிருக்கிறேன். இவர்கள் அந்தத் தளத்தில்தான் பழகினார்கள்.

1925-இல் அமெரிக்கன் கூடைப்பந்து லீக் தொடங்கியபோது ரென்ஸைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுத்து பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. ஹார்லெமில் டிக்கெட் வாங்கக் காசில்லாத காலம். வீட்டுத் தளத்தில் ஆடி மட்டும் பிழைக்க முடியாது என்று ஆனபோது டக்ளஸ் அணியை ஊர் ஊராக அனுப்பினார். லீக் இல்லை, புள்ளிப் பட்டியல் இல்லை. கூப்பிட்ட ஊரில், கூப்பிட்ட அணியோடு ஆட வேண்டியதுதான். தொழிற்சாலை அணி, ஊர் அணி, கல்லூரி முடித்தவர்கள் சேர்த்த அணி, யாராக இருந்தாலும் சரி. 1933-இல் 86 நாட்களுக்குள் தொடர்ச்சியாக 88 ஆட்டங்களில் வென்றார்கள். அந்த ஓட்டத்தை நிறுத்தியது ஒரிஜினல் செல்டிக்ஸ் என்ற வெள்ளையர் அணி. இரண்டு அணிகளுக்கும் இடையே கடும் போட்டி, அதே அளவு மரியாதையும் இருந்தது. செல்டிக்ஸின் சென்டர், அதாவது கூடைக்கு அருகில் ஆடும் உயரமான ஆள், ஜோ லாப்சிக். நடுவர் மேலே எறியும் பந்துக்கு இருவர் எம்பி ஆட்டத்தைத் தொடங்கும் ஜம்ப் பாலுக்கு வந்து நிற்கும்போது அவர் ரென்ஸ் சென்டர் சார்ல்ஸ் ‘டார்ஜான்’ கூப்பரைக் கட்டித் தழுவுவார். கூட்டத்தில் இருந்த வெள்ளையர் பலருக்கு அது பொறுக்கவில்லை. லாப்சிக் நிறுத்தவில்லை. தான் எதிர்கொண்ட சென்டர்களிலேயே தலைசிறந்தவர் கூப்பர்தான் என்று பின்னாளிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பஸ் வாழ்க்கையைப் பற்றி ஐசக்ஸும் மற்றவர்களும் முதுமையில் நிறையப் பேசியிருக்கிறார்கள். எந்த ஊரில் ஆடினாலும் அங்கே தங்க இடம் கிடைக்காது. கறுப்பினத்தவருக்கு இடம் தரும் ஏதாவது ஒரு பெரிய நகரத்தில் ஜாகை வைத்துக்கொள்வார்கள். அங்கிருந்து தினமும் கிளம்பி, நூறு இருநூறு மைல் போய் ஆடி, அதே இரவு அவ்வளவு தூரமும் திரும்பி வருவார்கள். சில நாள் பஸ்ஸிலேயே தூக்கம். வழியில் ஓட்டல்கள் உள்ளே விடாது. ரொட்டியும் குளிர்ந்த இறைச்சியும் கடையில் வாங்கி பஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அன்று மாலை அவர்கள் ஆட்டத்துக்குக் கைதட்டப் போகிறவர்கள் அதே ஓட்டலின் உள்ளே சுடச்சுடச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். தனி டம்ளர் வைத்த டீக்கடைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பஸ்ஸில் கூடவே போன நிர்வாகி எரிக் இலிட்ஜ். எனக்கு இந்த அணியில் மிகவும் பிடித்த ஆட்களில் ஒருவர், ஒரு பந்துகூட ஆடாதவர். வருமானத்தில் பங்கு என்று பேசி ஆட வரும் அணியை ஏமாற்றுவது அன்று சர்வ சாதாரணம். எண்ணூறு பேர் வந்திருந்தால் ஐந்நூறு பேர் என்பார்கள். இலிட்ஜ் எண்ணிக் கணக்குப் போடும் சின்னக் கருவி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று தலைகளை எண்ணுவார். இடுப்பில் துப்பாக்கியும் இருக்கும். பணம் கைக்கு வராமல் அணி களத்தில் இறங்காது. இதை நான் வீரக்கதையாகச் சொல்லவில்லை. எட்டுப் பேரின் கூலி அந்த எண்ணிக்கையில் இருந்தது, அவர் அதைக் காப்பாற்றினார்.

நடுவர்கள் விஷயத்துக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். உள்ளூர் நடுவர் உள்ளூர் அணிக்குத்தான் விசில் ஊதுவார். அதனால் ஆட்டம் தொடங்கியதும் முடிந்த வேகத்தில் பத்துப் புள்ளி முன்னால் போய்விட வேண்டும். அந்தப் பத்து, நடுவர் எடுத்துக்கொள்ளப் போகிற பத்து. அப்புறம்தான் உண்மையான ஆட்டம். நான் இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். புகார் சொல்லிப் பயனில்லாத இடத்தில் அநியாயத்தின் அளவைக் கணித்து, அதை முன்கூட்டியே ஈடுகட்டிவிட்டு ஆடியிருக்கிறார்கள். 112 என்ற எண்ணை நான் பார்க்கும் விதம் அன்றிலிருந்து மாறிவிட்டது.

சரி, ஆட்டம் எப்படி இருந்தது? ரென்ஸின் பலம் பாஸ். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுவது அவர்களிடம் மிகக் குறைவு. ஐந்து பேரும் ஓடிக்கொண்டே இருப்பார்கள், பந்து கையிலிருந்து கைக்குப் போய்க்கொண்டே இருக்கும், காலியான ஆளை அது கண்டுபிடிக்கும். பல வருஷம் ஒரே பஸ்ஸில், ஒரே அறையில் வாழ்ந்தவர்களுக்கு அடுத்தவர் எங்கே வெட்டி ஓடுவார் என்று பார்க்காமலே தெரியும். எங்கள் கோச் எப்போதும் கத்துவது, “பந்து ஓடட்டும்டா, நீ எதுக்கு ஓடுற?” என்றுதான். ரென்ஸில் பந்தும் ஓடியது, ஆட்களும் ஓடினார்கள்.

1938-39 அணியில் இரண்டு தலைமுறை கலந்திருந்தது. கூப்பரும், ‘வீ வில்லி’ ஸ்மித்தும் 88 ஆட்ட ஓட்டத்தைக் கண்ட பழைய ஆட்கள். வீ என்றால் குட்டி. ஆறடி ஐந்து அங்குல ஆளுக்கு அந்தப் பெயர். இளைய பக்கத்தில் ஐசக்ஸ். பனாமாவில் பிறந்து ஹார்லெமில் வளர்ந்து, 1936-இல் அணியில் சேர்ந்தவர். பள்ளிக்கூட ஆட்டத்தில் பார்த்த டக்ளஸ், அவர் அம்மாவிடம் கேட்டு அழைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். வில்லியம் ‘பாப்’ கேட்ஸ் 1938-இல் புதிதாக வந்தவர், அவரும் ஹார்லெம் பள்ளிப் பையன். கிளாரன்ஸ் ‘பகி’ பெல், ஜாக் கிளேட்டன் என்று இன்னும் இரண்டு நல்ல கைகள். இந்தக் கிளேட்டன் பின்னாளில் குத்துச்சண்டை நடுவர் ஆனார். 1974-இல் கின்ஷாசாவில் முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதியபோது வளையத்துக்குள் நின்று ஃபோர்மனுக்குப் பத்து எண்ணியவர் அவர்தான். அந்தக் காட்சியை இத்தனை முறை பார்த்திருக்கிறேன், அந்த நடுவர் யார் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

1939 மார்ச்சில் சிகாகோ பத்திரிகை ஒன்று, நாட்டின் நல்ல தொழில்முறை அணிகளை அழைத்து உலகப் போட்டி என்று அறிவித்தது. 12 அணிகள். ஒரு மதக் குழுவின் பெயரில் ஆடிய, தாடி வளர்த்த ஹவுஸ் ஆஃப் டேவிட் அணிகூட வந்திருந்தது. முக்கியமான விஷயம், கறுப்பின அணிகளும் அழைக்கப்பட்டன: ரென்ஸும் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸும். ஆனால் இரண்டையும் அட்டவணையின் ஒரே பாதியில் போட்டார்கள். எப்படிப் போனாலும் இறுதி ஆட்டத்தில் இரண்டு கறுப்பின அணிகள் மோத வாய்ப்பில்லை. தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

முதலில் நியூயார்க் யாங்கீஸ் என்ற அணியை 30-21 என்று வென்றார்கள். பேஸ்பால் அணி இல்லை, அதே பெயரில் ஒரு கூடைப்பந்து அணி. இதைத் தாண்டிப் போய்விடலாம்.

அரையிறுதியில் குளோப்டிராட்டர்ஸ். என்னைக் கேட்டால் அந்தப் போட்டியின் நெஞ்சு இந்த ஆட்டத்தில் இருக்கிறது. குளோப்டிராட்டர்ஸ் என்றால் இன்று நமக்கு விரலில் பந்து சுற்றும் வேடிக்கை நினைவுக்கு வரும். அன்று அவர்கள் நிஜமாகவே பலமான அணி. பெயரில்தான் ஹார்லெம், பிறந்து வளர்ந்தது சிகாகோ. 1968 வரை அவர்கள் ஹார்லெமில் ஓர் ஆட்டமும் ஆடியதில்லை. வெள்ளையரான ஏப் சேப்பர்ஸ்டீன் உரிமையாளர். ஹார்லெம் என்ற பெயர் கறுப்பின அணி என்று கூட்டத்துக்குச் சொல்லும், அதற்காக வைத்தது. நிஜமான ஹார்லெம் அணியோ தன் பெயரில் ஹார்லெம் என்று போட்டுக்கொள்ளவில்லை. களத்தில் கோமாளித்தனம் செய்வதில் டக்ளஸுக்குத் துளியும் விருப்பம் கிடையாது. ஆட்டத்தை ஆட்டமாக ஆடியே கூட்டத்தை வர வைக்கலாம் என்று நம்பியவர். கறுப்பின வீரர்கள் சிரிக்க வைத்தால் பொறுத்துக்கொள்வோம் என்ற கூட்டத்தின் முன்னால் இந்தப் பிடிவாதத்துக்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த இரவு 27-23. ரென்ஸ் வென்றது. நான்கே புள்ளி.

மார்ச் 28, இறுதி ஆட்டம். எதிரே விஸ்கான்சினைச் சேர்ந்த ஓஷ்கோஷ் ஆல்-ஸ்டார்ஸ். முந்தைய சில ஆண்டுகளாகவே ரென்ஸோடு தொடர்கள் ஆடிப் பழகிய அணி. அவர்களுடைய சென்டர் லெராய் ‘கௌபாய்’ எட்வர்ட்ஸ், அன்றைய தொழில்முறை லீக்கான நேஷனல் கூடைப்பந்து லீக்கில் மூன்று சீசன் தொடர்ந்து அதிகப் புள்ளி எடுத்தவர். அந்த ஆண்டு லீக் பட்டத்தை ஆக்ரன் ஃபயர்ஸ்டோன் அணி 3-2 என்று ஓஷ்கோஷிடமிருந்து எடுத்திருந்தது. டயர் கம்பெனி அணியான ஆக்ரன் சிகாகோவுக்கு வரவில்லை. அதைச் சொல்லி ரென்ஸ் பட்டத்தைக் குறைத்துப் பேசுபவர்கள் உண்டு. ஐந்து ஆட்டம் வரை ஆக்ரனை இழுத்துச் சென்ற அணியைத்தான் ரென்ஸ் எதிர்கொண்டது. எனக்கு அது போதும்.

ரென்ஸ் 34, ஓஷ்கோஷ் 25.

இன்று ஒரு கால்பகுதியில் எடுக்கிற புள்ளி இது. அதனால் மெதுவான, சோம்பலான ஆட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. 24 விநாடிக்குள் ஷாட் போட வேண்டும் என்ற கடிகாரம் வந்தது 1954-இல். அதுவரை பந்து யாரிடம் இருக்கிறதோ அவர்கள் இஷ்டம். பெரும்பாலான ஷாட்டுகள் இரண்டு காலும் தரையில் ஊன்றி, இரண்டு கையாலும் நெஞ்சிலிருந்து தள்ளுபவை. இந்த 1939 ஆட்டத்துக்கு இரண்டு வருஷம் முன்புவரை, கூடை போட்ட ஒவ்வொரு முறையும் நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்து ஜம்ப் பால். அப்படிப்பட்ட காலத்தில் ஒன்பது புள்ளி வித்தியாசம் பெரிய வித்தியாசம். மூன்று ஆட்டத்திலும் எதிரணி எடுத்தது 21, 23, 25. எட்வர்ட்ஸ் இருந்த அணியே 25-இல் நின்றுவிட்டது என்றால் ரென்ஸின் டிஃபென்ஸ் எப்படி இருந்திருக்க வேண்டும்! போட்டியின் சிறந்த வீரராக பகி பெல் தேர்ந்தெடுக்கப்பட்டார். அணிக்குப் பரிசு 1,000 டாலர்.

அதற்குப் பிறகுதான் ஜெர்கின்.

டக்ளஸ் மீது எனக்குக் கோபமில்லை. அந்தச் சொல்லை அவர் வெட்கமாக நினைத்துப் போட்டிருக்க மாட்டார். 1882-இல் பிறந்த மனிதர், தன் மக்களின் அணி என்ற பெருமையில் போட்டிருப்பார். கறுப்பினப் பத்திரிகைகளும் அமைப்புகளும் அதே சொல்லைத் தம் பெயரில் வைத்திருந்த காலம். ஆனால் 23 வயது ஐசக்ஸுக்கு வேறொன்று தெரிந்தது. சிகாகோவில் அவர்கள் வென்றது கறுப்பின அணிகளுக்கான பட்டத்தை அல்ல. வந்த எல்லா அணிகளுக்கும் பொதுவான பட்டம் அது. இறுதியில் தோற்றது வெள்ளையர் அணி. அப்புறம் எதற்கு அந்த முன்னொட்டு? இரண்டு பேர் சொல்வதும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கையில் பிளேடு இருந்திருந்தால் நானும் ஐசக்ஸ் பக்கம்தான் உட்கார்ந்திருப்பேன்.

அடுத்த ஆண்டு அதே போட்டியில் குளோப்டிராட்டர்ஸ் வென்றது. 1943-இல் வாஷிங்டன் பேர்ஸ் வென்றது, அதில் ஆடியவர்களில் பலர் பழைய ரென்ஸ் வீரர்கள். 1948-இல் ரென்ஸ் மறுபடியும் இறுதிக்கு வந்தது. எதிரே மினியாபொலிஸ் லேக்கர்ஸ், அதில் அன்றைய நட்சத்திர சென்டர் ஜார்ஜ் மைக்கன். மைக்கன் மட்டும் 40 புள்ளி எடுத்தார், ரென்ஸ் 71-75 என்று தோற்றது. அவ்வளவு நெருக்கம். அந்த ஆண்டு இறுதியிலேயே நேஷனல் லீக்கில் ஓர் அணி பாதியில் கலைந்துபோக, அதன் இடத்தில் டேட்டன் ரென்ஸ் என்ற பெயரில் சேர்ந்தார்கள். கலைந்த அணியின் தோல்விக் கணக்கும் அவர்கள் தலையில் ஏறியது. பயிற்சியாளர், பத்து வருஷம் முன்பு புதுப் பையனாக வந்த அதே கேட்ஸ். 1949-இல் நேஷனல் லீக்கும் இன்னொரு லீக்கும் இணைந்து என்பிஏ ஆனபோது டேட்டனுக்கு அதில் இடமில்லை. 1950-இல்தான் முதல் கறுப்பின வீரர்கள் என்பிஏவில் ஆடினார்கள். அவர்களில் ஒருவரான நேட் ‘ஸ்வீட்வாட்டர்’ கிளிஃப்டன் ரென்ஸில் ஆடியவர். நியூயார்க் நிக்ஸ் அணியில் அவருக்குப் பயிற்சியாளர் யார் தெரியுமா? கூப்பரைக் கட்டித் தழுவிய அதே ஜோ லாப்சிக்.

என்பிஏ தன் சாம்பியன் பட்டியலை, இணைந்த அந்த இன்னொரு லீக்கின் முதல் பட்டத்தோடு சேர்த்து, 1947-இலிருந்து எண்ணுகிறது. முதல் பெயர் ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸ். 1939 அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள கூடைப்பந்துப் புகழ்க்கூடம் 1963-இல் ரென்ஸை முழு அணியாகச் சேர்த்தது. டக்ளஸ் 1972-இல் சேர்க்கப்பட்டார். தனிநபராக அங்கே இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர், அந்த நாளைக் காண உயிரோடும் இருந்தார். கூப்பருக்கு 1977, கேட்ஸுக்கு 1989.

ஐசக்ஸ் காத்திருந்தார். காத்திருந்தார் என்று சொல்வதும் சரியில்லை, அவருக்கு வேறு வேலை இருந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸில் சிறுவர் சிறுமியர் மன்றம் ஒன்றில் பல பத்தாண்டுகள் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தார். 2009 ஜனவரியில் 93 வயதில் இறந்தார். புகழ்க்கூடத்தில் அவர் பெயர் ஏறியது 2015-இல். அதே 2015-இல்தான், பல வருஷம் பூட்டிக் கிடந்த ரெனசான்ஸ் மண்டபத்தை ஹார்லெமில் இடித்தார்கள்.

அந்த ஜெர்கினைக் கையில் எடுத்துப் பார்க்க எனக்கு ஆசை. தையலைப் பிரித்த துணியை எவ்வளவு இஸ்திரி போட்டாலும் ஊசி போன துளை வரிசையாகத் தெரியும், நூல் மூடியிருந்த இடம் மட்டும் வெளுக்காமல் பழைய நிறத்திலேயே இருக்கும். ‘உலக சாம்பியன்கள்’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் அந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும்.